பச்சையாகத் தெரிந்த மேடு

என் தோழி தயாரித்த வரைபடத்தில் ஒரு பிழை இருந்தது. முதல் நாள் பார்த்தபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது. ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மண் பாதுகாப்புப் பிரிவில் கள ஆய்வாளர்கள். பல கிராமங்கள் சேர்ந்த பஞ்சாயத்தை எங்கள் பக்கம் கொம்யூன் என்போம். வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூன்களும் எங்கள் பொறுப்பில் இருந்தன. வேலை என்றால் பெரும்பாலும் நடப்பதுதான். மழைத் தண்ணீர் எந்த மேட்டில் விழுந்து, எந்த வாய்க்கால் வழியாக, எந்த ஏரிக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்து, அவ்வளவு நிலத்தையும் ஒரு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஆபீஸில் அதை வாட்டர்ஷெட் என்போம். கோப்பில் எழுதும்போது நீர்வடிப்பகுதி. ஒவ்வொரு துண்டிலும் சரிவு எப்படி, மண் எவ்வளவு ஆழம், எங்கே அரித்துக்கொண்டு போகிறது என்று நோட்டில் குறிப்போம். மண்ணைத் துளைத்து எடுக்க ஆகர் என்று ஓர் இரும்புத் திருகு உண்டு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வருடம் சேர்ந்து நடந்தோம். மதியம் எங்கே வேப்பமரம் கிடைக்கிறதோ அங்கே டிபன் பாக்ஸைத் திறப்போம். அவளுடைய புளிசாதம் எனக்கு, என்னுடைய தயிர்சாதம் அவளுக்கு.

இந்த வேலையில் நான் அவளைவிடக் கெட்டிக்காரி. இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. அவளுக்கு நாய் என்றால் பயம், புதர் என்றால் பயம். ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொட்டி, "இது இன்னா மண்ணுடி?" என்பாள். நான் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலில் தேய்த்துப் பார்த்துச் சொல்வேன். அவள் எழுதிக்கொள்வாள். அவளுடைய நோட்டில் பாதி என்னுடைய விரல் சொன்னது.

ஒருமுறை வெளி மாநிலத்தில் பத்து மாதப் பயிற்சி ஒன்று வந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தைப் படிக்கும் பயிற்சி. எங்கள் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்றார்கள். மேலதிகாரி முதலில் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்.

"பொண்ணு பத்தாவது போறா சார்" என்றேன்.

அது உண்மைதான். முழு உண்மை அல்ல. என் கணவர் போகச் சொன்னார். மகளை அவருடைய அக்கா வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் பயமாக இருந்தது. தெரியாத ஊரில், என்னைவிடச் சின்னவர்கள் மத்தியில், ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நிற்கப்போகிறேன் என்று தோன்றியது. பன்னிரண்டு வருடமாக எல்லாம் தெரிந்தவளாக இருந்த பிறகு அது என்னால் முடியாது. அவளை அனுப்பினார்கள்.

போன முதல் மாதம் அவள் தினமும் போன் செய்தாள். "ஒண்ணும் புரியலடி. எல்லாம் எங்கேயோ போவுது. நான் வந்துர்றேன்" என்று அழுதாள். "அழாதடி, பழகிடும்" என்று நான் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லவேளை போகவில்லை என்ற சந்தோஷம் மட்டும் அல்ல. அவள் அழுகிறாள் என்ற சந்தோஷமும்தான். மூன்றாம் மாதம் அழுகை நின்றது. போனும் குறைந்தது. அப்போதுதான், அந்தப் பயிற்சி எனக்கு வரவேண்டியது, அவள் தட்டிப் பறித்துக்கொண்டாள் என்று ஆபீஸில் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தேன். நேராகச் சொல்லவில்லை. "இன்னா பண்றது, நமக்கெல்லாம் யார் இருக்காங்க" என்று பெருமூச்சு விட்டால் போதும், கேட்பவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

அவள் திரும்பி வந்தபோது அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்காக ஏ.சி. போட்ட அறை. சக்கரம் வைத்த நாற்காலி. பியூன் டீ கொண்டுவரும்போது முதல் டம்ளர் அந்த அறைக்குள் போனது. வெயிலில் அலைந்து நாங்கள் இருவரும் ஒரே நிறத்தில் கறுத்திருந்தோம். இப்போது அவள் முகம் தெளிந்திருந்தது. புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாக இருந்தது என்பதைக்கூட நான் ஒரு குற்றமாக மனதில் எழுதிக்கொண்டேன். மதியம் மட்டும் பழையபடி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவாள். "இந்தாடி, புளிசாதம்" என்பாள். அவள் மாறியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பரீட்சை முடிந்து ஒருநாள் என் மகள் ஆபீஸுக்கு வந்தாள். என் தோழி அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் திரையில் எங்கள் தெருவைக் காட்டியிருக்கிறாள். மாடியில் நாங்கள் போட்டிருந்த நீலத் தகரக் கூரை தெரிந்ததாம். மகள் ஓடி வந்து, "ஆன்ட்டி சூப்பர்மா. நம்ப வூடு தெரியுதும்மா. நீ ஏம்மா இதக் கத்துக்கல?" என்று கேட்டாள்.

அதன்பின் இரண்டு நாள் மகளோடு சரியாகப் பேசவில்லை. ஏன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

மே மாதம் வரைபடம் முடிந்தது. மேலதிகாரி அறைச் சுவரில் ஒட்டினார்கள். இரண்டு கொம்யூனும் ஒரே தாளில். சரிவு, மண், ஓடைகள், செடிகொடிகளின் அடர்த்தி என்று தனித்தனிப் படங்களாகச் செய்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, எந்த நீர்வடிப்பகுதிக்கு முதலில் வேலை செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தியிருந்தாள். அவசரமானது சிவப்பு, அடுத்தது மஞ்சள், பொறுக்கலாம் என்பது பச்சை. நான் பன்னிரண்டு வருடம் நடந்தது ஒரு சுவருக்குள் அடங்கிவிட்டது. அழகாகவும் இருந்தது. மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன்.

தட்டிக்கொண்டே பார்த்தேன். ஊசுட்டேரிக்கு வடக்கே இருக்கும் செம்மண் மேடு பச்சையாக இருந்தது. வரிசையில் கடைசியிலிருந்து நான்காவது.

அந்த மேடு முழுக்கச் சவுக்கும் முந்திரியும். மேலேயிருந்து பார்த்தால் அடர்த்தியான பச்சைதான் தெரியும். கீழே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடுப்பெரிக்கச் உதிர்ந்த சவுக்கு மிலாறுக் குச்சியையும் முந்திரிச் சருகையும் வழித்து வாரிக்கொண்டு போய்விடுவார்கள். மரத்தடி கட்டாந்தரையாகக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் மண்ணைச் சீவிக்கொண்டு இறங்கும். ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. மூன்று பள்ளங்கள், ஒவ்வொன்றையும் நான் டேப் பிடித்து அளந்திருக்கிறேன். நிலத்தின் உயரம் பார்க்க அவள் பயன்படுத்திய செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் முப்பது மீட்டர். அந்தப் பள்ளங்களின் அகலம் ஆறு மீட்டர்கூட இராது. கட்டத்துக்குள் விழுந்து மறைந்துவிட்டன. மரம் மேலே மூடிக்கொண்டது.

வாயைத் திறந்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். "இது தப்பு" என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அவள் உடனே திருத்திவிடுவாள், வரைபடம் இன்னும் நன்றாகிவிடும் என்றும் அதே நொடியில் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

மறுவாரம் அவளே கேட்டாள். "உன் நோட்டுங்க எல்லாம் குடுடி. தரையில சரிபாக்கணும். உன் நோட்டு இல்லன்னா இந்த மேப்பு வெறும் கலர் பேப்பர்."

பதினொரு நோட்டுகள் கொடுத்தேன். பன்னிரண்டாவது நோட்டை, அந்த மேட்டின் அளவுகள் இருந்த நோட்டை, வீட்டில் புடவை பீரோவில் வைத்துவிட்டு வந்தேன்.

"ஒண்ணு குறையுதே?"

"எங்க வச்சேன்னு தெரியலடி. தேடறேன்."

ஜூன் மாதம் களத்தில் சரிபார்க்கப் போனோம். என் ஸ்கூட்டி, பின்னால் அவள். கம்ப்யூட்டர் தானாகப் பொறுக்கிக் கொடுத்த இடங்களுக்குப் போய், படத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பாகூரில் ஒரு நெல் வயலில் இறங்கினோம். ஒத்துப்போனது. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தரிசு என்று இருந்த இடத்தில் புதிதாக மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். அதைத் திருத்திக்கொண்டாள். செம்மண் மேட்டுப் பக்கம் விழுந்த ஒரே ஒரு இடம் ரோட்டோரமாக இருந்தது. வண்டியை நிறுத்தினேன். இறங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"சவுக்கு நல்லா அடர்த்தியாதான் இருக்குது, இல்ல?"

உள்ளே நூறு அடி நடந்திருந்தால் முதல் பள்ளம்.

"ஆமா. நல்லாதான் இருக்குது" என்றேன்.

அவள் டிக் அடித்தாள். வண்டியைக் கிளப்பச் சாவியைத் தேடினேன், அது வண்டியிலேயே இருந்தது. வில்லியனூர் ரயில்வே கேட்டில் நின்றபோது, "இன்னாடி, உடம்பு சரியில்லையா?" என்று தோளைத் தொட்டாள். வெயில் என்றேன். கேட் திறந்ததும் எதிரில் இருந்த கடையில் எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் விவசாயிகளைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டோம். வரைபடத்தைத் திரையில் காட்டி, முதல் ஐந்து நீர்வடிப்பகுதிகளில் என்னென்ன செய்யப்போகிறோம் என்று அவள் விளக்கினாள். கல் தடுப்பு, வரப்பு, வெட்டிவேர் நடுவது. நன்றாகப் பேசினாள். நாய்க்குப் பயந்து என் பின்னால் ஒளிந்தவள் மைக் பிடித்துப் பேசினாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஓர் அம்மா எழுந்தாள். செம்மண் மேட்டுக்குக் கீழே கத்தரி, வெண்டை போடுபவள். கணவன் இல்லை. தனியாகவே ஒன்றரைக் காணி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளம் அளக்கப் போகும்போதெல்லாம் எனக்கு மோர் கொடுத்திருக்கிறாள்.

"எங்க பக்கம் ஏன் செவப்பு இல்ல?" என்று கேட்டாள். "வருசா வருசம் மேட்டு மண்ணு எறங்கி என் கத்திரி கொல்லி ரொம்புது. பச்ச போட்டுக்கீறீங்க?"

என் தோழி குழம்பிப்போய், "அங்க மரம் நல்லா இருக்குதும்மா, அதனால அரிப்பு கம்மியா..." என்று ஆரம்பித்தாள்.

"மரம் கீது. மண்ணு எங்க கீது?" கூட்டத்தில் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. திரும்பி என்னைக் கண்டுபிடித்து விரலை நீட்டினாள். "அதோ, அந்தம்மாவ கேளுங்க. அதான் வந்து டேப்பு புடிச்சி அளந்துக்கினு போச்சி. இன்னாம்மா, சொல்லு."

எல்லாத் தலைகளும் திரும்பின. என் தோழியும் மைக்கோடு என்னைப் பார்த்தாள்.

"பாத்துச் சொல்றேன்மா" என்றேன். "கூட்டம் முடியட்டும்."

அந்த அம்மா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவர் வேறு எதையோ கேட்டார். கூட்டம் முடிந்ததும் நான் பின்வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். முன்வாசலில் நின்ற ஸ்கூட்டியை மறுநாள்தான் எடுத்தேன். என் தோழி அதைப் பற்றிக் கேட்கவில்லை. மதியம் வந்து புளிசாதத்தை நீட்டினாள். அந்த அளவுகள் தொலைந்த நோட்டில் இருந்திருக்கும் என்று நினைத்திருப்பாள்.

அக்டோபர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலை அந்த அம்மா ஆபீஸுக்கு வந்தாள். முழங்கால் வரை செம்மண். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"வந்து பாருங்க" என்றாள். "எதுவும் செய்ய வாணாம். வந்து பாத்துட்டு மட்டும் போங்க."

நானும் என் தோழியும் போனோம். கத்தரி காய்ப்புக்கு வந்த நேரம். பாதி நிலத்தில் செடியே தெரியவில்லை. மணலும் சரளையும் மெழுகிவிட்டதுபோல் கிடந்தன. அங்கங்கே ஒரு கிளையின் நுனியும் ஊதாப் பூவும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஓரத்திலிருந்து வழிக்கத் தொடங்கினாள்.

என் தோழி சவுக்குக்குள் நுழைந்தாள். நான் பின்னால் போனேன். புதருக்குப் பயந்தவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள். முதல் பள்ளம் வந்தது. விளிம்பில் நின்றாள். பிறகு வேரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். அவள் தலை தரை மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. சிவப்புச் சுவரில் கை வைத்து நின்றாள். மேலே சவுக்கு மரங்கள், அவள் படத்தில் இருந்த அதே பச்சை.

"இவ்ளோ பெருசா" என்றாள். "நான் எப்படிடி பாக்காம வுட்டேன்? ரோட்லயே நின்னுட்டுப் போயிட்டேனே."

அவள் தன்னைத் திட்டிக்கொள்கிறாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அவள் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் பொய் சொல்லியிருப்பேன்.

"அந்த நோட்டு தொலையல. எங்க வூட்ல இருக்குது" என்றேன். "மூணு பள்ளமும் அதுல இருக்குது. மேப்ப சுவத்துல ஒட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும்."

நிமிர்ந்து பார்த்தாள். நான் மேலே, அவள் பள்ளத்துக்குள்.  சவுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்டி?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. 

"மொதல்ல உன்னத்தான் கேட்டாங்க. நீதான் மாட்டேன்ன. எனக்குத் தெரியும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "சாரே என்கிட்ட சொல்லிட்டாரு. நான் தட்டிப் பறிச்சிக்கினு போனேன்னு நீ ஆபீஸ் பூரா சொன்னது, அதுவும் எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் போயி இல்லன்னு சொல்லல. உனக்கு வருத்தம் இருக்கும், சொல்லிட்டுப் போவட்டும்னு வுட்டேன்."

அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தப் பெருந்தன்மையும் அவளிடம்தானா இருக்க வேண்டும் என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில், அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, அதற்கும் பொறாமைப்பட்டேன். அவள் கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன். மேலே வந்ததும் என் கையை விட்டாள். கீழே நிலத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்கிட்ட செஞ்சது செரி" என்றாள். "அந்தம்மா இன்னாடி பண்ணுச்சி உனக்கு?"



மறுநாள் நோட்டைக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன். ஒரு மாதம் இருவரும் அந்த மேட்டில் நடந்தோம். நான் ஜி.பி.எஸ். கருவியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் போனேன், அவள் ஆழம் அளந்தாள். முந்திரிக் காட்டில் நான் அளக்காத நான்காவது பள்ளம் ஒன்றும் கிடைத்தது. பள்ளங்களை ஒரு தனிப் படமாகச் செய்து அடுக்கினாள். சவுக்கும் முந்திரியும் இருக்கும் இடங்களில் பச்சைக்குக் கொடுத்த மதிப்பெண்ணையும் குறைத்தாள். மேடு சிவப்பானது, வரிசையில் இரண்டாவது. அறிக்கையில் "கூடுதல் களத் தகவல் பின்னர் கிடைத்ததால் வரிசை மாற்றப்பட்டது" என்று ஒரு வரி எழுதினாள். மேலதிகாரியிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பிறகு மேட்டில் கல் தடுப்புகள் கட்டினார்கள், வெட்டிவேர் வைத்தார்கள். அடுத்த மழைக்கு அந்த அம்மாவின் நிலத்தில் கொஞ்சம்தான் மண் வந்தது.

அந்த மேடு வரிசையில் முதலிலேயே இருந்திருந்தாலும் அந்த அக்டோபருக்குள் எந்த மேட்டிலும் வேலை தொடங்கியிருக்காது, மண் எப்படியும் வந்துதான் இருக்கும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்கு சரிதான். அந்த அம்மாவிடம் மட்டும் நான் செய்ததை இன்றுவரை சொல்லவில்லை. போனால் மோர் கொடுக்கிறாள். குடிக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் என் மேஜைக்கு வருவது நின்றுபோனது. ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் நானே தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு ஏ.சி. அறைக் கதவைத் தட்டினேன். "ஜில்லுனு இருக்கும், சால்வ எடுத்துக்கோ" என்றாள். சாப்பிட்டு முடித்ததும் திரையைக் காட்டி, எப்படி ஒரு கோடு போடுவது என்று கேட்டேன். சொல்லிக் கொடுத்தாள். எனக்கு மெதுவாகத்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பழைய எரிச்சல் தலைதூக்கும். அடக்கிக்கொள்வேன். முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

போன வருடம் அவளுக்கு மேற்குக் கரையில் இருக்கும் மாஹேவுக்கு மாற்றல் வந்தது. அந்த அறையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் டீ எனக்கு வருகிறது. மாஹேயிலும் செம்மண் சரிவுகள்தானாம், மழை மட்டும் நம் ஊரைப்போல இரண்டு மாதத்தோடு நிற்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

சென்ற வாரம் ஒரு போட்டோ அனுப்பினாள். தென்னை நிற்கும் சரிவு ஒன்றில் மழையில் நிற்கிறாள். பக்கத்தில் இன்னொரு பெண், புதிதாகச் சேர்ந்த கள ஆய்வாளராம். என் தோழி ஒரே குடையை இருவருக்குமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "இவ மண்ணத் தொட்டே சொல்லிடறாடி" என்று கீழே எழுதியிருந்தாள்.

இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பெண்ணின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.